சிவப்புக் கோடு

நாலடிக்கு நாலடி பிளைவுட் துண்டு ஒன்றை உங்கள் கையில் கொடுத்து, எந்தப் பக்கமாக வைத்தால் இது ஆளைத் தாங்கும், எந்தப் பக்கமாக வைத்தால் கைவிடும் என்று கேட்டால் சொல்லிவிடுவீர்களா?

முழுப் பலகையாக இருந்தால் சுலபம். எட்டடி நீளம், நாலடி அகலம். இழை நீளவாக்கில் ஓடும். எங்கள் மில்லில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது மூன்று மெல்லிய மர ஏடு. மேல் ஏடும் கீழ் ஏடும் ஒரே திசை, நடு ஏடு குறுக்கே. இழை ஓடும் திசையில் இரண்டு சட்டங்களுக்கு மேல் பாலம் மாதிரி வைத்தால் மேலும் கீழும் சேர்ந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும். திருப்பி வைத்தால் நடு ஏடு மட்டும்தான் நின்று சுமக்கும். ஒரே பலகையில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் வைத்து நான் தினமும் முறித்துப் பார்ப்பேன். ஒன்று முந்நூறு கிலோவுக்கு முறியும். மற்றது அறுபதைத் தாண்டாது. சதுரமாக வெட்டி, பழைய இன்ஜின் ஆயிலைக் கறுப்பாகப் பூசிவிட்டால் எது எந்தத் திசை என்று எனக்கே தெரியாது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

என்சுவானோவில் பத்து வருஷமாக இதுதான் என் வேலை. தானோ ஆற்றின் ஓரம் மில். காட்டிலிருந்து லாரியில் தடிகள் வரும். அவித்து, உரித்து, காய வைத்து, மரவள்ளி மாவு கலந்த பசை தடவி அழுத்துவார்கள். நான் சோதிப்பேன். பசை சரியாகப் பிடிக்காத பலகைகளைக் கழித்துவிடுவேன். கழித்ததை மில் ஆட்கள் சல்லிசாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முழுப் பலகை கேட்டைத் தாண்டக் கூடாது. யாராவது நல்ல சரக்கென்று சொல்லி விற்றுவிடுவார்களாம். அதனால் ரம்பத்தில் கொடுத்து இரண்டு சதுரமாக வெட்டிவிடுவோம். ஒவ்வொரு சதுரத்திலும் நான் பிரஷ்ஷால் தடிமனாக ஒரு சிவப்புக் கோடு இழுப்பேன். இது கழிவு, போகலாம் என்று காவலாளிக்குத் தெரிவதற்காக. அவ்வளவுதான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம்.

நான் வெள்ளிக்கிழமை பிறந்தவன் என்று ஒருநாள் சொன்னதிலிருந்து இந்த ஊருக்கு நான் யூஃபி. இங்கே பிறந்த கிழமைதான் பெயர். சொந்தப் பெயரை இங்கே யாரும் கேட்டதில்லை. மில் குவார்ட்டர்ஸில் ஓர் அறை, ஒரு ஸ்டவ், ஒரு நோட்டு. சாயந்திரம் கதவைச் சாத்தினால் காலை சங்குக்குத்தான் திறப்பேன். என்னோடு தினமும் நாலு வார்த்தை பேசுகிற ஒரே ஆள் மான்சா அக்கா. மில் கேட்டில் கென்கே, அதாவது புளித்த சோள மாவை இலையில் சுற்றி அவித்த உருண்டை, விற்கிறவர். ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை, பெண்கள் இரண்டு பேரும் அக்ராவில்.

அந்தப் புதன்கிழமை மதியம் வாழை இலையைப் பிரித்து கென்கேயைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"சனிக்கிழமை என் வீட்டு மாடித் தளம் போடுறோம், யூஃபி. நீ வரணும்."

"நான் எதுக்கு அக்கா? எனக்கு அங்க என்ன வேலை?"

"கலவைப் பாண்டு தூக்கு. இல்லேன்னா சும்மா நின்னு வேடிக்கை பாரு. பத்து வருஷமா என் கென்கே தின்னு வளத்த உடம்பு, ஒருநாள் எனக்கு உழைக்கட்டுமே." மிளகாய் அரைத்ததை என் தட்டில் கொட்டினார். "உன் கோடு போட்ட பலகைதான் பூரா. நாலு வருஷமா ஒண்ணொண்ணா சேத்தேன். மாடி எழும்பினா அதுக்கு நீதான் பாதிச் சொந்தக்காரன்."

என் கோடு. அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஊரில் என் பெயர் சொல்லிக்கொண்டு ஏதோ ஒன்று இருக்கிறதே என்று.

வெள்ளிக்கிழமை சங்கு ஊதியதும் போனேன். தளம் போடுகிற வழக்கம் இங்கே இப்படி. முதல் நாள் சாயந்திரம் சென்ட்ரிங் முடிந்ததும் பலகை மேல் ஆறு ஆண்கள் ஏறி ஆடுவார்கள். கீழே டிரம் அடிப்பார்கள். பலகை தாங்கினால் வீட்டுக்காரர் சாராயத்தை மண்ணில் ஊற்றி முன்னோர்களைக் கூப்பிடுவார். ஊற்றிவிட்டால் தளம் போட்டு முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. போட்ட அன்று ராத்திரி வீட்டுக்காரர் அந்த ஈரத் தளத்துக்குக் கீழேதான் படுக்க வேண்டும். வீட்டைத் தனியாக விடக் கூடாதாம்.

நான் போனபோது ஆட்டம் முடிந்து, சாராயமும் ஊற்றியாகிவிட்டிருந்தது. சென்ட்ரிங் போட்ட ஆர்க்கோ வேர்வை வழிய ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, கை ஒவ்வொன்றும் உலக்கை. ஊரில் பாதித் தளம் அவன் போட்டது.

"அடடா, கோட்டுக்காரரே வந்துட்டாரு! மேல போய்ப் பாருங்க அண்ணே. உங்க கோடு ஒண்ணுகூட வளையாம நிக்குது, சர்ச்சுல பெஞ்சு போட்ட மாதிரி."

ஏணியில் ஏறினேன். கறுப்புப் பலகைகள் சுவருக்குச் சுவர் விரிந்து கிடந்தன. கம்பி இன்னும் முழுசாகக் கட்டவில்லை, ராத்திரிக்குள் கட்டிவிடுவார்களாம். ஆயில் கறுப்புக்குள் என் சிவப்புக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. எல்லாம் ஒரே திசை. ஒவ்வொரு கோடும் ஒரு சட்டத்தில் ஆரம்பித்து அடுத்த சட்டத்தைப் பார்த்து ஓடியது. அழகாகத்தான் இருந்தது. இரண்டு சட்டத்துக்கு நடுவே ஒரு பலகையில் கால் வைத்தேன். இறங்கியது. கொஞ்சம்தான். தூங்குகிற மாட்டின் வயிற்றில் மிதித்தது போல இருந்தது. பக்கத்துப் பலகையில் வைத்தேன். அதுவும் இறங்கியது.

மாடிப்படிக்கு விட்டிருந்த ஓட்டை ஓரம் குனிந்து ஒரு பலகையின் விளிம்பை விரலால் துடைத்தேன். சட்டத்துக்குச் சட்டம் ஓடுகிற விளிம்பு அது. மேல் ஏடும் கீழ் ஏடும் அங்கே நீளக் கோடாகத் தெரிய வேண்டும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. நடு ஏடு மட்டும் கோடாக ஓடியது. அடுத்ததைத் துடைத்தேன். அதுவும் அப்படியே.

நான் மில்லில் நிற்கிற இடம் அப்போதுதான் கண்ணுக்கு வந்தது. ரம்பத்திலிருந்து சதுரங்கள் என் மேஜைக்கு வரும்போது இழை இடவலமாக இருக்கும். நான் பிரஷ்ஷை எனக்கு நேராக முன்னே இழுப்பேன். இழைக்குக் குறுக்கே. பத்து வருஷமாக, ஒன்று விடாமல். மில்லில் பலகையை முறித்துப் பார்க்கிற ஆள் கோடு போட்டால் அது பலம் ஓடுகிற திசையாகத்தான் இருக்கும் என்று ஆர்க்கோ நினைத்திருக்கிறான். அவன் என்னைக் கேட்கவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை.

கீழே இறங்கி அளந்தேன். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இரண்டடி.

"ஆர்க்கோ, எப்பவும் ஓரடிக்கு ஒரு சட்டம்தானே போடுவே?"

"போடுவேன். இந்தத் தடவை மரம் கிடைக்கலை அண்ணே. லாரி வரலை. அதான் தள்ளித் தள்ளிப் போட்டேன். ஆறு பேர் ஆடினோமே, அசையலையே!"

"ஆட்டம் ஒரு பாட்டு நேரம். கலவை ஒரு நாள் பூரா உட்காரும். ஈரத்தோட உட்காரும். இது பசை பிடிக்காதுன்னு கழிச்ச பலகை. ஊறினா இருக்கிற பலமும் பாதியாப் போயிடும்."

டிரம் அடித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். மான்சா அக்கா சாராய பாட்டிலோடு கிட்டே வந்தார்.

"என்ன யூஃபி சொல்றே? நல்ல நாள் அதுவுமா?"

"பலகையைத் தப்பாப் போட்டிருக்கு அக்கா."

ஆர்க்கோ எழுந்தான். "தப்பாவா? யாரு தப்பாப் போட்டது? உங்க கோட்டைப் பாத்துத்தானே அண்ணே போட்டேன்! எந்தப் பலகையிலாவது கோடு மாறியிருக்கா? காட்டுங்க பாக்கலாம்."

முப்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்து வருஷத்தில் இந்த ஊர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அந்தக் கோட்டுக்கு ஒரு அர்த்தமும் இல்லை, கேட்டில் நிற்கிற காவலாளிக்காகப் போட்டது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

"கோடு சரிதான் ஆர்க்கோ," என்றேன். "சட்டம்தான் தள்ளிப் போயிடுச்சு. அந்தத் தப்பு உன்னோடது."

யாரோ சிரித்தார்கள். "ஆர்க்கோவுக்கு எண்ணத் தெரியாது, ஆடத்தான் தெரியும்" என்று ஒரு கிழவர் சொன்னார். சிரிப்பு பெரிதானது. ஆர்க்கோ சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, நடுவுல நடுவுல ஒரு சட்டம் சேத்து அடிச்சிடலாமா?" என்று கேட்டேன்.

"அடிக்கவா?" மான்சா அக்கா பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "ஊத்தியாச்சு, தம்பி. ஊத்தினதுக்கு அப்புறம் இந்த வீட்டுல அடிக்கிற ஆணி சவப்பெட்டிக்கு அடிக்கிற ஆணி. என் புருஷன் செத்ததே அப்படித்தான்னு இவங்க எல்லாம் இன்னிக்கும் சொல்றாங்க."

"அப்ப நாளைக்குப் போட வேணாம். தள்ளி வைங்க."

"நாப்பது பொம்பளைங்களைக் கூப்பிட்டிருக்கேன். கலவை மிஷின் நாளை மறுநாள் வேற ஊருக்குப் போகுது. ஊத்தினதை மண்ணுலேருந்து திருப்பி எடுத்துக் கொடு, தள்ளி வைக்கிறேன்."

"ஆணி இல்லாம முட்டுக் கொடுக்கலாமா?"

அவர் யோசித்தார். "கையால கொடுக்கிறதை யாரும் தடுக்கலையே."

வீட்டுக்குப் பின்னால் மிச்ச மூங்கில் பதினாறு கிடந்தது. இருட்டுவதற்குள் நானும் அக்காவும் முன்னறையில் சட்டங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக நிறுத்தினோம். உச்சியில் குறுக்குக் கட்டை வைத்து, கயிறு கட்டி, அடியில் ஆப்பைக் காலால் தள்ளித் தள்ளி இறுக்கினோம். உள்ளங்கை இரண்டும் கிழிந்தது. ஆர்க்கோ வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். கை கொடுக்கவில்லை. முன்னறையோடு மூங்கில் தீர்ந்தது. பின்னறைக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"அக்கா, நாளைக்கு ராத்திரி நீங்க முன்னறையிலதான் படுக்கணும். பின்னறைப் பக்கமே போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"இதுக்கு எதுக்கு சத்தியம்? பாய் போட எந்த அறையா இருந்தா என்ன?" என்றார். பிறகு மெதுவாக, "அவ்வளவு மோசமா இருக்கா?" என்று கேட்டார்.

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம்" என்றேன்.

சனிக்கிழமை விடியும்போதே மிஷின் உருள ஆரம்பித்தது. பெண்கள் வரிசையாக நின்று பாண்டு மாற்றினார்கள். ஜல்லிக் கலவை தலைக்குத் தலை தாவி ஏணி ஏறியது. பாட்டு, கூச்சல், கிண்டல். நானும் வரிசையில் நின்றேன்.

"யூஃபி, உன் கழுத்து கோழிக் கழுத்தா? பாண்டு உன்னைத் தூக்குதா, நீ பாண்டைத் தூக்குறியா?"

"விடுடி, அவரு கோடு போடுற கை. நோகக் கூடாது."

"எனக்கும் ஒரு கோடு போட்டு விடுங்க மாஸ்டர், என் வீட்டுக்காரன் வழி தவறாம வருவான்!"

சிரித்தேன். பாண்டுக்குப் பாண்டு பாரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு வரிசையை விட்டு நழுவிப் பின்னறைக்குள் போனேன். மேலே நடக்கிற ஒவ்வொரு காலடியும் உள்ளே கேட்டது. பலகை இடுக்குகளில் சிமெண்ட் தண்ணீர் சொட்டியது. ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தேன். நடுவில் பலகை நூலைத் தாண்டி ஒரு விரல்கடை கீழே தொங்கியது. பன்னிரண்டு மணிக்கு மறுபடி பிடித்தேன். இரண்டு விரல்கடை. முன்னறையில் நூல் பலகையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

இரண்டு மணிக்குத் தளம் முடிந்தது. டிரம் அடித்தார்கள். மீன் குழம்பும் ஃபுஃபுக் களியும் பரிமாறினார்கள். ஆர்க்கோவை யாரும் விடவில்லை.

"ஆர்க்கோ, தளம் நிக்குதே! உனக்கு எண்ணத் தெரியும் போலிருக்கே!"

"பின்னறையைப் பாத்தியா? எட்டு மாசக் கர்ப்பம். பொறக்கிற பிள்ளைக்கு அப்பன் நீதான்."

நானும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவன்தான். குனிந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆர்க்கோ தட்டைக் கீழே வைத்தான்.

"என் தளம் விழாது," என்றான். "இன்னிக்கு ராத்திரி அந்தப் பின்னறையில நான் படுக்கிறேன். காலையில எழுந்து வந்து ஒவ்வொருத்தன் வாயையும் அடைக்கிறேன்."

"டேய், கிறுக்கா! வீட்டுக்காரி நான். படுக்க வேண்டியது நான். நீ எதுக்கு?" என்றார் மான்சா அக்கா.

"நீங்க முன்னறையில படுங்க அக்கா. மூங்கில் இருக்கில்ல, மில்காரர் நட்ட மூங்கில். நான் போட்டதுக்குக் கீழ நான் படுக்கிறேன்."

ஐந்து மணிக்கு மழை பிடித்தது. ஜூன் மழை, விடாமல் பெய்யும். கூட்டம் கலைந்தது. ஈரத் தளத்தின் மேல் போட்டு மூட பிளாஸ்டிக் ஷீட் பாதிக்குத்தான் இருந்தது. பின்னறைப் பக்கம் திறந்தே கிடந்தது.

நான் குவார்ட்டர்ஸ் வரைக்கும் போய்விட்டேன். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஸ்டவ்வைப் பார்த்தபடி நின்றேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். வழி நெடுக அந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கோட்டுக்கு அர்த்தம் இல்லை ஆர்க்கோ. தப்பு உன்னோடது இல்லை. எழுந்து வா.

அவன் பின்னறையில் பாய் விரித்து, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தான். மேலே பலகைகள் ஒவ்வொன்றும் வயிறு தள்ளித் தொங்கின. சொட்டுகள் பாயைச் சுற்றி வட்டமாக விழுந்துகொண்டிருந்தன. எங்கோ ஒரு சட்டம் முனகியது. பையிலிருந்த நூலை வெளியே எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

"என்ன அண்ணே, சட்டம் எண்ண வந்தீங்களா?"

"எழுந்து வா ஆர்க்கோ. முன்னறையில இடம் இருக்கு."

"எதுக்கு வரணும்? சிரிக்கிறதுக்கா?" அவன் குடித்திருந்தான், ஆனால் நிதானமாகத்தான் பேசினான். "பன்னெண்டு வயசுலேருந்து இந்த வேலை செய்றேன் அண்ணே. ஒருத்தன் சிரிச்சதில்லை. நேத்து நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க, கிழவன்லேருந்து சித்தாள் வரைக்கும் சிரிக்கிறான்."

"நான் அதைத்தான்..."

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க." விளக்கைத் தூக்கி மேலே காட்டினான். ஒரு பலகையின் அடிப்பக்கத்தில் என் சிவப்புக் கோடு இருந்தது. அதை மட்டும் தலைகீழாகப் போட்டிருக்கிறான் போல. அதில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "நான் பலகை போட்டது சரியா, தப்பா? சட்டத்தை விடுங்க. பலகை போட்ட திசை. கோட்டுப்படி போட்டேனா இல்லையா? கோடு சரிதானே?"

வாசலில் மான்சா அக்கா முன்னறைப் பாயோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மழைக்கு ஒதுங்கிய பெண்கள் நாலைந்து பேர், என்னைப் பார்த்தபடி.

"கோடு சரிதான்," என்றேன்.

"போதும்," என்றான் ஆர்க்கோ. அவன் முகம் தெளிந்தது. "அப்ப விழாது. சட்டம் தள்ளி இருந்தாலும் திசை சரியா இருந்தா தாங்கும். எனக்குத் தெரியும். போய்ப் படுங்க அண்ணே. காலையில கென்கே நான் வாங்கித் தர்றேன்."

விளக்கைக் குறைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். மான்சா அக்கா இரண்டு தடவை கூப்பிட்டார். குறட்டை விடுகிற மாதிரி நடித்தான். பெண்கள் சிரித்தார்கள். நான் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலை ஐந்தே முக்காலுக்குப் பின்னறைத் தளம் மொத்தமாக இடிந்து இறங்கியது. எட்டு மணிக்கு ஆர்க்கோவை வெளியே எடுத்தார்கள். மூச்சு இல்லை. முன்னறைத் தளம் அப்படியே நின்றது.